வரி எண் இல்லாத வசவு

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கோடு ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்த்துக் கருத்து எழுதும் இடத்தில், நான் எழுதிய வரி இது: "ஃபார் லூப் எந்தப் பக்கமிருந்து ஓடும் என்று இதை எழுதியவருக்குத் தெரியுமா?"

எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டது நினைவிருக்கிறது. நறுக்கென்று விழுந்த வரி என்று எனக்கே ஒரு மெச்சுதல். பக்கத்து இருக்கை நண்பர் எட்டிப் பார்த்துச் சிரித்ததும் சேர்ந்துகொள்ள, அன்றைய பொழுது நன்றாகவே போனது. அந்த நிரலை எழுதியது வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி. லூப் என்பது ஒரு பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும் நிரல்துண்டு. இவரோ முதலிலிருந்து கடைசி வரை போகாமல், கடைசியில் தொடங்கிப் பின்னோக்கி வந்திருந்தார். நேராக நடக்கத் தெரிந்தவர் எதற்குப் பின்பக்கமாக நடக்க வேண்டும் என்பது என் எரிச்சல். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஓகே சார், மாத்திடறேன்." மாற்றினார். நான் ஒப்புதல் கொடுத்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது.

அந்த லூப்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வரி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். அது என் சொந்தச் சரக்கு இல்லை.

எங்கள் தொழிலில் பெரியவர்களின் அல்காரிதங்களைவிட அவர்களுடைய வசவுகள் வேகமாகப் பரவும். டச்சுக் கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் குறுகிய பாதை அல்காரிதத்தைப் பலகையில் எழுதச் சொன்னால் பாதியில் தடுமாறுகிறவர்கூட, அவர் கோபால் மொழியைப் பற்றிச் சொன்னதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். (கோபால் என்று தமிழில் எழுதினால் யாரோ சித்தப்பா மாதிரி இருக்கிறது. என்ன செய்ய. அறுபதுகளிலிருந்து வங்கிகளின் கணக்கு வழக்கைச் சுமந்துகொண்டிருக்கும் நிரல்மொழி அது.) 1975இல் எழுதிய ஒரு குறிப்பில் டைக்ஸ்ட்ரா நிரல்மொழிகளை வரிசையாகப் போட்டுத் தாக்குகிறார். கோபாலைப் பயன்படுத்துவது மூளையை முடமாக்கும். ஆகவே அதைக் கற்பிப்பதைக் குற்றச்செயலாகக் கருத வேண்டும். ஃபோர்ட்ரான் ஒரு குழந்தைப் பருவ நோய். பி.எல். ஒன் உயிரைக் குடிக்கும் நோய். பேசிக் படித்துவிட்டு வருகிற மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கம் சொல்லித்தருவது ஏறக்குறைய நடக்காத காரியம். அவர்கள் மீட்க முடியாதபடி மனம் சிதைந்துபோனவர்கள்.

நான் முதலில் படித்தது பேசிக். பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு எழுதிய காலம். ஆக டைக்ஸ்ட்ரா கணக்கில் நான் தேறாத கேஸ். அந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளூரக் குஷியாக இருந்தது. பெரிய மனிதர் கையால் குட்டு வாங்குவதிலும் ஒரு பெருமை உண்டல்லவா, அது. அதோடு இன்னொன்றும் இருந்தது: குட்டு வாங்குகிற பக்கத்திலிருந்து குட்டுகிற பக்கத்துக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை.

தமிழில் இந்தக் குணத்துக்குச் சொற்கள் தாராளம். திமிர், தலைக்கனம், செருக்கு, இறுமாப்பு, ஆணவம். ஆனால் படித்தவருக்கென்று தனியாக ஒரு சொல் எடுத்துவைத்திருக்கிறோம்: வித்யாகர்வம். சொல்லிப் பாருங்கள், அதற்குள்ளேயே பாதி மன்னிப்பு கலந்திருக்கும். "ஆள் கொஞ்சம் அப்படித்தான், வித்யாகர்வம்" என்றால் அது புகாரில் சேராது, சலுகையில் சேரும். திமிர் பிடித்தவரிடமிருந்து விலகிப் போகச் சொல்வோம். வித்யாகர்வம் உள்ளவரிடம் பொறுத்துப் போகச் சொல்வோம். கணினித் துறை அந்தச் சலுகையைத் தன் மேதைகளுக்கு வாரி வழங்கியிருக்கிறது.

கணினி விஞ்ஞானி ஆலன் கே இதற்கு ஓர் அலகே கொடுத்தார். 1997இல் ஒரு மாநாட்டு உரையில், கணினி அறிவியலில் திமிரை நானோ டைக்ஸ்ட்ராக்களில் அளப்பார்கள் என்றார். நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. நம்மைப் போன்றவர்கள் ஆயுள் முழுக்க முயன்றாலும் ஒரு முழு டைக்ஸ்ட்ராவை எட்ட முடியாது என்று அர்த்தம். (அதே உரையில், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்ற நிரலாக்கப் பாணிக்குப் பெயரை உண்டாக்கியவன் நான், அப்போது அந்தப் பாணிக்குப் பேர்போன சி பிளஸ் பிளஸ் மொழி என் மனத்தில் இல்லை என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். அவருடைய மீட்டரும் ஒன்றும் பூஜ்யத்தில் நிற்கவில்லை.)

இந்த அலகையே கையில் வைத்துக்கொண்டு டைக்ஸ்ட்ராவை முழுசாகப் படிக்கப் போனேன். மேற்கோள்களில் பார்த்த ஆள் அங்கே பாதிதான் இருந்தார். பெரும்பாலும் ஊற்றுப்பேனாவால், அச்சுக்கோத்த மாதிரிக் கையெழுத்தில், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதிய குறிப்புகள் 1300க்கும் மேல். நகலெடுத்துச் சிலருக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் மறுபடி நகலெடுத்துத் தங்கள் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். 1972இல் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது வாங்கியபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பணிவான நிரலாளர்'. கேலியாக வைத்த தலைப்பு இல்லை. நல்ல நிரலாளருக்குத் தன் மண்டையின் கொள்ளளவு எவ்வளவு சின்னது என்று தெரியும், அதனால் சாமர்த்தியம் காட்டும் தந்திரங்களைக் கண்டால் கொள்ளைநோயைக் கண்டதுபோல் ஒதுங்குவார் என்கிறார்.

பணிவைப் பற்றிப் பேசி மூன்றே வருடத்தில் மூளை முடமாகும் என்று எழுதியவரும் அவரேதான். இது முரண்பாடு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் பணிந்தது சிக்கலுக்கு முன்னால். சிக்கலுக்கு முன்னால் பணியாத ஆட்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

நிரலை வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் 'கோ டூ' கட்டளையை எதிர்த்து 1968இல் அவர் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தீங்கானது எனக் கருதப்படுகிறது' என்று முடியும் அந்தப் பிரபலமான தலைப்பு அவர் வைத்ததே இல்லை. பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பில் இருந்த நிக்லாஸ் விர்த் வைத்தது. டைக்ஸ்ட்ரா கொடுத்து அனுப்பிய தலைப்பு, 'கோ டூ கட்டளைக்கு எதிராக ஒரு வாதம்' என்ற அளவில் சாதுவானது. உள்ளே தொடக்கம் என்னவோ சுடத்தான் செய்கிறது: நிரலில் கோ டூ எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எழுதியவரின் தரம் இறங்கும் என்று பல வருடமாகப் பார்த்துவருகிறேன் என்கிறார். ஆனால் குத்திவிட்டு ஓடிப்போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று சொல்ல நமக்கு ஒரு முகவரி வேண்டும். எந்த ஃபங்ஷனுக்குள், அதாவது நிரலின் எந்தத் துண்டுக்குள், இருக்கிறோம், லூப்பில் எத்தனையாவது சுற்று என்பவை அந்த முகவரியைத் தந்துவிடும். கோ டூ இஷ்டத்துக்குத் தாவ ஆரம்பித்தால் முகவரி தொலைந்துபோகும். நிரலைப் படித்து அது என்ன செய்யும் என்று ஊகிக்கிற திறனும் நமக்குக் கூடவே தொலையும். இவ்வளவுதான் வாதம். இரண்டு பக்கம்.

இதை மறுக்கலாம். எதை மறுப்பது என்று தெரிகிறதே! நிரலாக்கத்தின் பெரிய பாடநூல்களை எழுதிய டானல்ட் கனூத் மறுத்தார். 1974இல், கோ டூ எங்கெல்லாம் உதவும், எங்கெல்லாம் உதவாது என்று உதாரணத்தோடு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் டைக்ஸ்ட்ரா தனக்கு எழுதிய ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்: இந்த விஷயத்தில் நான் ஏதோ பெரிய பிடிவாதக்காரன் என்று நம்பிவிட வேண்டாம் என்பதாக. கோ டூ என்று டைப் அடித்தாலே பாவம் என்று இன்றும் அடித்துச் சொல்கிறவர்களிடம் இந்த வரியைக் காட்டினால் முகம் சுருங்கும். நானும் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னவன்தான்.

கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளை, யோசித்துப் பாருங்கள். அதைவிட மரியாதை தெரியாத ஜந்து உலகத்தில் உண்டா? 'தயவுசெய்து' கிடையாது, 'எனக்குத் தோன்றுவது என்னவென்றால்' கிடையாது. தப்பு என்றால் தப்பு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ஆனால் வரி எண் சொல்லும். 214ஆவது வரி, அங்கே ஒரு அரைப்புள்ளியைக் காணோம். அதனால்தான் நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டும் யாரும் கம்பைலரோடு மனஸ்தாபப்பட்டு வேலையை விடுவதில்லை. டைக்ஸ்ட்ராவின் 1968 கடிதத்தில் வரி எண் இருக்கிறது. 1975 குறிப்பில் இல்லை. கோபால் மூளையை எந்த இடத்தில், எப்படி முடமாக்குகிறது என்று கேட்டால் அங்கே பதில் கிடையாது. வாக்கியம் அழகு, அதோடு சரி. நம் தலைமுறைக்கு மனப்பாடமானது எது என்று சொல்லவே வேண்டாம்.

வரி எண்ணோடு வந்த வசவு ஒன்றை டோனி ஹோர் சொல்லியிருக்கிறார். குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர். 1980இல் டூரிங் விருது உரையில் தன் வெற்றிகளைப் பட்டியலிடாமல், அறுபதுகளில் எலியட் நிறுவனத்தில் தன் பொறுப்பில் மண்ணைக் கவ்விய ஒரு பெரிய மென்பொருள் வேலையைப் பற்றி விரிவாகப் பேசினார். எலியட் 503 என்ற கணினிக்கான மென்பொருள். முப்பது மனித வருடங்களுக்கு மேலான உழைப்பைக் குப்பையில் போட வேண்டி வந்தது. வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன தேதிகள் எல்லாம் போயிற்று. என்னதான் தப்பு நடந்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மேலதிகாரி ஒருவர் அவரிடம் கத்தினாராம் ("அவர் எப்போதுமே கத்துவார்" என்று ஹோர் இடையில் ஒரு குறிப்பும் போடுகிறார்): என்ன தப்பு நடந்தது தெரியுமா? உங்களுக்கே புரியாத விஷயங்களைச் செய்ய உங்கள் ஆட்களை விட்டுவிட்டீர்கள்!

ஹோர் திகைத்துப்போனார். இந்த மனிதருக்கு இன்றைய நிலைமையே தெரியவில்லை என்று அப்போது நினைத்தாராம். இவ்வளவு பெரிய மென்பொருள் முழுவதையும் ஒரே ஆள் எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது பிற்பாடுதான் உறைத்தது. நோயின் மூலத்தையே தொட்டுக் காட்டிவிட்டார் என்று அந்த உரையில் ஒப்புக்கொள்கிறார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கத்தல் இல்லை. கத்தியவர் கத்தாமலும் சொல்லியிருக்கலாம், சொன்ன விஷயம் கெட்டுப்போயிருக்காது. ஹோரின் அறிவைப் பற்றியோ வளர்ப்பைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் விஷயம். நீ செய்தது இது, அதனால் ஆனது இது. எடுத்துக்கொண்டு போய் வேலைக்கு உபயோகிக்கலாம்.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இனிக்க இனிக்கப் பேசும் ஒரு டீம் லீடிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். எதைக் காட்டினாலும் "அருமை, இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்" என்பார். எந்த இடத்தில் யோசிக்க வேண்டும் என்பதைக் கடைசி வரை சொன்னதில்லை. எட்டு மாதம் கழித்து எங்கள் வடிவமைப்பை அடியோடு தூக்கிப் போட்டார்கள். முதல் வாரமே அவருக்குச் சந்தேகம் இருந்ததாம். மனம் நோகுமே என்று விட்டுவிட்டாராம். அந்தக் கனிவுக்கு எட்டு மாத உழைப்பு பலி. அவருக்குப் பதில் ஹோரின் மேலதிகாரி கிடைத்திருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது சமாளித்திருப்பேன்.

அப்புறம், எதிராளியால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

ஜான் பாக்கஸால் முடிந்தது. ஐ.பி.எம்.மில் ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயதில், 1977 டூரிங் விருது உரையில், தான் பெற்ற பிள்ளையான ஃபோர்ட்ரான் வகை மொழிகளையே கிழித்துத் தொங்கவிட்டு, நிரலாக்கத்துக்கு வேறு பாணி வேண்டும் என்று வாதாடினார். டைக்ஸ்ட்ரா அதற்கு ஒரு விமர்சனம் எழுதினார். ஆராய்ச்சி நியாயமானதுதான், ஆனால் பலன் கண்ணில் தெரியும் முன்பே அதைக் கூவிக் கூவி விற்கிறார், அதுவும் டூரிங் மேடையில் நின்றுகொண்டு, என்ற தொனி. பாக்கஸுக்கு எரிந்தது. 1979இல் இருவரும் கடிதத்தில் மோதிக்கொண்டார்கள். பாக்கஸின் காகிதங்களுக்கு நடுவே அவர் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது: இந்த ஆளின் திமிர் மூச்சையே அடைக்கிறது. படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மாமியாரைப் பற்றி டைரியில் எழுதிவைத்த மாதிரி ஒரு வரி. ஆனால் கவனியுங்கள், பாக்கஸ் நெற்றிக்கு நேரே பதிலும் எழுதினார். டைக்ஸ்ட்ரா திட்டினார் என்பதற்காக அவருடைய வேலை போகாது, பதவி உயர்வு நிற்காது, யாரும் அவரை முட்டாள் என்று நினைத்துவிட மாட்டார்கள். இரண்டு யானைகள் மோதிக்கொண்டன. கொட்டகைக்குச் சேதமில்லை.

1992 ஜனவரியில் நடந்தது இன்னும் ருசியானது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியவர், லினக்ஸ் என்ற புது இயங்குதளம் காலாவதியானது என்று இணையக் குழுவில் பகிரங்கமாக எழுதினார். எல்லாவற்றையும் ஒரே பெரிய கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், அடைப்பது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது என்பது அவர் கட்சி.  எதிரே லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 22 வயதுப் பையன். மினிக்ஸின் மூளைக்கோளாறுகளுக்கு நீங்கள் பேராசிரியர் என்பது நல்ல சாக்குதான் என்று பதிலுக்குப் போட்டுத் தாக்கினார். மறுநாள் டானன்பாம், நீ என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த வடிவமைப்புக்கு என்னிடம் நல்ல மதிப்பெண் கிடைக்காது என்று ஒரு சிரிப்புக் குறியோடு சொன்னார். அன்றே டோர்வால்ட்ஸ், கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் டானன்பாமின் கிண்டலிலேயே விடை இருக்கிறது. டோர்வால்ட்ஸ் அவருடைய மாணவனாக இல்லை. இருந்திருந்தால் அப்படிப் போட்டுத் தாக்கியிருப்பாரா? (பிற்பாடு, 2004இல், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது என்ற பேச்சு கிளம்பியபோது அதை மறுத்து டோர்வால்ட்ஸுக்காக எழுதியவர் இதே டானன்பாம்.)

இருபது வருடம் கழித்து டோர்வால்ட்ஸ் நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தார். 2012 டிசம்பரில் ஒரு மூத்த பராமரிப்பாளர் கர்னலில் செய்த மாற்றத்தால் சில செயலிகள் நின்றுபோயின. தவறு செயலிகளுடையது என்றார் அவர். டோர்வால்ட்ஸ் வாயை மூடு என்று தொடங்கி, அச்சில் போட முடியாத சொல்லையும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் இருந்த விதி தங்கமானது: கர்னலை மாற்றுவதால் பயனரின் செயலி உடைந்தால் பிழை கர்னலுடையதே, செயலியைக் குறை சொல்லக் கூடாது. பழைய நிரல்கள் புதிய லினக்ஸிலும் சத்தமில்லாமல் ஓடுவதற்கு இந்தப் பிடிவாதம்தான் காரணம். எங்களைப் போன்றவர்கள் அந்த மின்னஞ்சலைப் பொக்கிஷம் போலப் பகிர்ந்துகொண்டோம். விதிக்காக என்று சொல்லிக்கொண்டோம். விதிக்காக என்றால் விதியை மட்டும் பகிர்ந்திருக்கலாமே.

2005இல், நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை எழுதியபோது, நான் தலைக்கனம் பிடித்தவன், என் படைப்புகளுக்கெல்லாம் என் பெயரையே வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று டோர்வால்ட்ஸ் சொன்ன நகைச்சுவை பிரசித்தம். கிட் என்பது பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் வேண்டாத ஆளைத் திட்டும் சொல். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் இந்தச் சுதந்திரம் அவருக்கு இருந்தது. அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அவரைக் கிண்டல் செய்யும் சுதந்திரம் இருந்ததா தெரியாது. 2018 செப்டம்பரில், ஒரு கர்னல் வெளியீட்டு அறிவிப்போடு சேர்த்து அவரே எழுதினார்: மின்னஞ்சல்களில் நான் செய்த தாக்குதல்கள் தொழிலுக்கு அழகில்லை, தேவையும் இல்லை, என் நடத்தையால் புண்பட்டவர்களிடமும், ஒருவேளை கர்னல் வேலையை விட்டே போய்விட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மனிதர்களின் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள உதவி நாடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சில வாரம் ஒதுங்கினார். அக்டோபரில் திரும்பி வந்தார்.

விட்டே போய்விட்டவர்கள். அந்தச் சொற்களில் நான் நெடுநேரம் நின்றேன். திட்டியவருக்கு அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. எதிர்த்துப் பேசியவர்களைத் தெரியும், திருந்தியவர்களைத் தெரியும். நிரலை எழுதிவைத்துவிட்டு அனுப்பாமலே மூடிவைத்தவரை எப்படித் தெரியும்?

வித்யாகர்வம் என்ற சலுகை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதுமில்லை. கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அறிவிக்கப்பட்டபோது, இவருக்கு எதற்கு விருது, இதெல்லாம் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை அவருடைய கணவர் பார்த்தார். டேட்டா அப்ஸ்ட்ராக்‌ஷன் (தரவின் உள்விவரத்தை மறைத்து, அதைக் கையாளும் வழியை மட்டும் வெளியே காட்டும் முறை) எல்லோருக்கும் தெரிந்திருப்பதற்கே லிஸ்கோவ் எழுபதுகளில் செய்த வேலைதான் ஒரு காரணம் என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை. அதே கருத்தை ஒரு பெண் வெடுக்கென்று எழுதியிருந்தால் அதற்கு வித்யாகர்வம் என்று யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். மீட்டிங்குகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒரே வாக்கியம், ஆண் சொன்னால் 'கறாரான ஆள்', பெண் சொன்னால் 'அவங்க கொஞ்சம் கஷ்டம்'.

கனூத் வேறு வழியில் போனார். தன் புத்தகங்களில் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலருக்கு ஒரு காசோலை. 256 சென்ட் என்றால், பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறடிமானத்தில் 100, அதாவது ஒரு டாலர் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. வாங்கியவர்கள் பலரும் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008இல் நிஜக் காசோலையை நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு தீவின் வங்கி பெயரில் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நாம் நக்கீரர் பக்கம் நின்று கைதட்டிப் பழகியவர்கள். இங்கே நெற்றிக்கண் உள்ளவரே குற்றம் கண்டுபிடித்தவருக்குக் காசு கொடுக்கிறார். கனூத்துக்குத் தன் எழுத்தின் மேல் கர்வம் இல்லாமலா இருக்கும்? எக்கச்சக்கமாக இருக்கும். அதனால்தான் பிழை இருக்கக் கூடாது என்று இவ்வளவு பதற்றம்.

இப்போது லூப்புக்கு வருகிறேன்.

ஆறு வாரம் கழித்து, காலாவதியான சில அனுமதிகள் இன்னும் செல்லுபடியாகின்றன என்று புகார் வந்தது. எல்லாம் இல்லை, சிலது மட்டும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அந்த லூப். பட்டியலில் காலாவதியானவற்றை அது ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகும். முன்னாலிருந்து போனால் மூன்றாவதை அழித்ததும் நான்காவது நகர்ந்து மூன்றாம் இடத்துக்கு வந்துவிடும். லூப்போ நான்காம் இடத்துக்குப் போய்விடும். நகர்ந்து வந்தது யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடும். காலாவதியானவை இரண்டு அடுத்தடுத்து நின்றால் இரண்டாவது பிழைத்துக்கொள்ளும். எங்கள் டெஸ்டில் அப்படி அடுத்தடுத்து எதுவும் இல்லை, அதனால்தான் பச்சை. பின்னாலிருந்து வந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. அழித்த இடத்துக்கு நகர்ந்து வருவது ஏற்கெனவே பார்த்து முடித்ததாகத்தான் இருக்கும். முதல் வருடப் பாடம். வேறு வழிகளும் உண்டு, ஆனால் அந்தத் தம்பி எழுதியது சரியாகவே இருந்தது.

ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை கிட் பிளேம். அடித்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேரே அவர் பெயர்தான் வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ரிவ்யூவைத் திறந்தால்தான் என் வரி கிடைத்தது, கேள்விக்குறியோடு. அதற்குக் கீழே அன்று யாரோ போட்ட இரண்டு சிரிப்பு முகங்கள். இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது: அந்த ஆறு வாரத்தில் எனக்கு ரிவ்யூ கேட்டு வருவது குறைந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் யாருமே என் பெயரைப் போடவில்லை. என் தரத்துக்குப் பயந்து நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள் போலிருக்கிறது என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் இடத்துக்குப் போனேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். உட்காருங்க என்று சொல்லி நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பின்னாலிருந்து வந்தீங்களே, காரணம் அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார். அழிச்சா அடுத்தது ஒரு இடம் முன்னாடி வந்துடும், அதான்."

"அப்ப ஏன் சொல்லலை? தெரியுமான்னு நான் கேட்டேனே."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். குத்திக்காட்டும் குரலே இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"அது கேள்வின்னு தெரியலை சார்."

லூப்பைப் பழையபடி திருப்பி, அடுத்தடுத்து இரண்டு காலாவதியானவை நிற்கிற மாதிரி ஒரு டெஸ்டும் சேர்த்தோம். மாற்றத்தைப் பதிவுசெய்யும் கமிட்டை நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்த வரியில் கிட் பிளேம் அடித்தால் என் பெயர் வரும்.